வேலை தெரியும், வாய்தான் வரல!



இந்த மாதப் பாடத்தை எழுதச் சொல்லி என்னைக் கேட்டபோது எனக்கே சிரிப்பு வந்தது. தலைப்பு, 'சொந்தத் தொழிலும் சந்தைப்படுத்துதலும்'. நான் வணிகம் படித்தவன் இல்லை. கிள்ளானில் வேன் ஓட்டிக்கொண்டு, ஏணியைத் தூக்கிக்கொண்டு, வீடு வீடாகப் போய் ஏர்கோன் சர்வீஸ் செய்கிறவன். ஆனால் ஒரு தகுதி இருக்கிறது. சந்தைப்படுத்துதலைக் கற்றுக்கொள்ளவே மாட்டேன் என்று இரண்டு வருடம் அடம் பிடித்தவன் நான். அந்த அடத்துக்கு என்ன விலை என்று நன்றாகத் தெரியும். அதைத்தான் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

வேன் வந்தது, வேலை வரவில்லை

குளிர்பதனத் துறையில் எஸ்.கே.எம். மூன்றாம் நிலை முடித்துவிட்டு, ஒரு குத்தகையாளரிடம் நான்கு வருடம் வேலை பார்த்தேன். கை நன்றாகப் பழகிவிட்டது. இனி சொந்தமாகச் செய்யலாம் என்று இறங்கினேன். எஸ்.எஸ்.எம். அலுவலகத்தில் தொழிலைப் பதிவு செய்தேன். சொந்தப் பெயரிலேயே பதிவு செய்தால் வருடத்துக்கு 30 வெள்ளி, தொழிலுக்கென்று தனிப் பெயர் வைத்தால் 60 வெள்ளி. பழைய வேன் ஒன்றைக் கடனில் எடுத்தேன். அம்மா சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, தேங்காய் சுற்றி உடைத்து அனுப்பி வைத்தார்.

முதல் ஒன்றரை வருடம் நன்றாகத்தான் போனது. ஒரு ஏர்கோன் கடை, பொருத்தும் வேலைகளை என்னிடம் கொடுத்துக்கொண்டே இருந்தது. நானும் 'நம்ம வேலை சுத்தம், அதான் கூப்பிடறாங்க' என்று நினைத்துக்கொண்டேன். ஒரு நாள் அந்தக் கடை சொந்தமாகவே இரண்டு ஆள் வைத்துக்கொண்டது. யாரும் என்னோடு சண்டை போடவில்லை. தொலைபேசி மட்டும் அடிக்கவில்லை.

வேன் கடன் இரண்டு மாதம் தவறியது. மூன்றாவது மாதம் அம்மா ஒன்றும் பேசாமல் தன் வளையலைக் கழற்றி மேசைமேல் வைத்தார். அடகுக் கடைக்குப் போனவன் நான்தான்.

என் நண்பன் ஒருவன் அப்போது சொன்னான்: "டேய், நீ இந்த வேலை செய்யறேன்னு யாருக்குமே தெரியாது. முகநூல்ல போடு. பழைய ஆளுங்களுக்கு மெசேஜ் அனுப்பு. கொஞ்சம் மார்க்கெட்டிங் கத்துக்க."

நான் சொன்ன பதில்: "அந்தச் சீன் எல்லாம் எனக்கு வராதுடா. நல்ல வேலை செஞ்சா தானா தேடி வருவாங்க."

வளையல் அடகில் இருக்கும்போது பேசின பேச்சு இது!

டீச்சர் கேட்ட கேள்வி

ஒரு வெள்ளிக்கிழமை பூஜை முடிந்து, கோயில் மண்டபத்தில் பிரசாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். பணி ஓய்வு பெற்ற தமிழாசிரியை ஒருவர் பக்கத்தில் இருந்தார். பேச்சுவாக்கில் தன் வீட்டு ஏர்கோனைப் பற்றிச் சொன்னார்.

"கேஸ் குறைஞ்சிடுச்சுன்னு ஒருத்தன் வந்து நிரப்பிட்டு 280 வெள்ளி வாங்கிட்டுப் போனான். ரெண்டே வாரம். திரும்பவும் வெறும் காத்துதான் வருது."

நான் சொன்னேன்: "டீச்சர், ஏர்கோன் கேஸ் பெட்ரோல் மாதிரி தீர்ந்து போற பொருள் இல்ல. அது மூடின குழாய்க்குள்ள சுத்திக்கிட்டே இருக்கும். குறைஞ்சிருக்குன்னா எங்கேயோ ஒழுகுதுன்னு அர்த்தம். ஒழுகற இடத்தைக் கண்டுபிடிச்சு அடைக்காம நிரப்பினா, ஓட்டை வாளியில தண்ணி ஊத்தின கதைதான்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "உனக்கு எப்படி இதெல்லாம் தெரியும்?"

"நான் இந்த வேலைதான் செய்யறேன், டீச்சர்."

"எத்தனை வருஷமா?"

"சொந்தமா ரெண்டு வருஷம்."

"வாராவாரம் இங்கதான பார்த்துக்கிறோம்? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? எங்க வீட்டுக்காரர் படுத்த படுக்கையா இருக்காரு. ரெண்டு வாரமா வேர்வையில கிடக்கிறாரு."

அவர் கோபமாகக் கேட்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் உறைத்தது.

அன்று இரவே போய்ப் பார்த்தேன். வெளியில் இருக்கும் பெட்டியில் குழாய் இணையும் இடத்தில் சிறு ஒழுகல். சரி செய்து, கேஸ் நிரப்பிவிட்டு வந்தேன். வேனில் திரும்பும்போது ஒரே யோசனை. நான் வாய் திறக்காததை இத்தனை நாளும் அடக்கம் என்று நினைத்திருந்தேன். நஷ்டம் வந்தால் எனக்குத்தானே என்றும் நினைத்திருந்தேன். ஆனால் அதற்கு அந்த அம்மாவும் 280 வெள்ளி கொடுத்திருக்கிறார்.

தயக்கத்துக்கு நாம் வைக்கும் நல்ல பெயர்கள்

சொந்தத் தொழில் செய்யும் நம் பிள்ளைகள் பலரிடம் பேசிப் பார்த்திருக்கிறேன். முறுக்கு சுட்டு விற்கும் அக்கா, மணப்பெண் அலங்காரம் செய்யும் தங்கை, டியூஷன் நடத்தும் தம்பி என்று எல்லோரும் ஏறக்குறைய மூன்றே காரணங்களைத்தான் சொல்கிறார்கள். மூன்றையும் நானே சொல்லியிருக்கிறேன்.

ஒன்று, "நல்ல வேலை தானே பேசும்." பேசும்தான். ஆனால் அந்த வேலையைப் பார்த்தவரிடம் மட்டும்தான் பேசும். நான் சுத்தம் செய்த ஏர்கோன் ஒரு வீட்டின் படுக்கையறையில் இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரருக்கு அது எப்படிக் கேட்கும்?

இரண்டு, "நம்மைப் பற்றி நாமே பேசுவது தற்பெருமை." 'இந்த ஊரிலேயே நான்தான் பெரிய ஆள்' என்று சொன்னால் அது பெருமை. 'நான் ஏர்கோன் சரி செய்கிறேன், இந்தப் பகுதிக்கு வருவேன், இவ்வளவு ஆகும்' என்று சொன்னால் அது தகவல். கடைக்கு வெளியே பெயர்ப்பலகை வைப்பவரை யாராவது தற்பெருமைக்காரர் என்று சொல்கிறோமா?

மூன்று, "அது எனக்கு வராது, வாய் உள்ளவங்களுக்குத்தான் வரும்." இதைத்தான் நான் அதிகம் நம்பினேன். பிறகு என் தொழிலையே நினைத்துப் பார்த்தேன். செப்புக் குழாயைப் பற்றவைக்கக் கற்றுக்கொண்டபோது நான் செய்த முதல் பத்து இணைப்பும் ஒழுகின. 'எனக்குப் பிறவியிலேயே வராது' என்று அப்போது நான் சொல்லவில்லை. பதினோராவதைச் செய்தேன். கைவேலைக்குக் கொடுத்த அந்தப் பொறுமையைப் பேச்சுக்கு மட்டும் ஏன் கொடுக்கவில்லை?

திருக்குறளில் பொருட்பாலில் 'சொல்வன்மை' என்று ஓர் அதிகாரம் இருக்கிறது. 'அவை அஞ்சாமை' என்று இன்னோர் அதிகாரமும் இருக்கிறது. தமிழ்ப்பள்ளியில் படித்தபோது போட்டிக்காக மனப்பாடம் செய்தோம், பரிசுக் கிண்ணம் வாங்கினோம். அது நம் பிழைப்புக்கும் உதவும் பாடம் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

ரசீது புத்தகம் எடுத்துப் போனவன் யார்?

இன்னொன்றையும் யோசித்தேன். பதினெட்டு வயதில், கோயில் திருவிழாவுக்கு ரசீது புத்தகத்தை எடுத்துக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கியவன் நான். முன்பின் தெரியாதவர் கதவைக்கூடத் தட்டினேன். ஐந்து வெள்ளி கொடுத்தவருக்கும் நன்றி, கதவைச் சாத்தியவருக்கும் வணக்கம். அன்று கூச்சம் வரவில்லை. அதே வாய், அதே தாமான். என் தொழில் என்றவுடன் மட்டும் ஏன் தொண்டை அடைத்தது?

அன்று கதவைச் சாத்தினால் கோயிலுக்குத்தான் 'இல்லை' என்று சொன்னார்கள், எனக்கில்லை. என் வேலையைச் சொல்லி, அவர் 'வேண்டாம்' என்றால் அது என்னையே வேண்டாம் என்று சொன்னது போல இருந்தது. ஆக, நான் அடக்கம் என்று பெயர் வைத்திருந்தது பயம். வேண்டாம் என்று சொல்லிவிடுவார்களோ என்கிற பயம்.

அதற்கு உரிய பெயரை வைத்த பிறகுதான் அதோடு என்ன செய்வது என்று எனக்குத் தெரிந்தது.

நான் செய்த ஐந்து காரியங்கள்

1960-ல் ஜெரோம் மெக்கார்த்தி என்ற அமெரிக்கப் பேராசிரியர் சந்தைப்படுத்துதலை நான்கு பகுதிகளாகப் பிரித்துப் பாடநூல் எழுதினார்: பொருள், விலை, இடம், எடுத்துச் சொல்லுதல். இதைப் படித்ததும் எனக்குப் பாதி பயம் போய்விட்டது. விளம்பரம் என்பது நான்கில் ஒன்றுதான். மற்ற மூன்றையும் நான் ஏற்கெனவே தெரியாமலேயே செய்துகொண்டிருந்தேன்.

முதல் காரியம்: கணக்கு எழுதினேன். கடைசி மூன்று மாதத்தில் வந்த ஒவ்வொரு வேலையும் யார் மூலம் வந்தது என்று நோட்டுப் புத்தகத்தில் எழுதினேன். மொத்தம் 19 வேலை. அதில் 14 வேலை இரண்டே பேர் சொல்லி வந்தவை. அந்த இரண்டு பேரும் ஊர் மாறிப் போனால் நான் என்ன ஆவேன்? கடை விஷயத்தில் பட்ட அடியே போதாதா?

இரண்டாவது: ஒரே வாக்கியத்தில் என் வேலையைச் சொல்லப் பழகினேன். யாருக்கு, என்ன, எங்கே, எப்போது. "வீட்டு ஏர்கோன் சர்வீஸ், ஒழுகல் பழுது பார்க்கிறேன், கிள்ளான் சுற்றுவட்டாரம், வேலை முடிந்து நீங்கள் வீட்டுக்கு வந்த பிறகு, இரவு 9 மணி வரை வருவேன்." கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்தேன். தமிழில், மலாயில், ஆங்கிலத்தில் மூன்றிலும். நம் வாட்ஸ்அப் குழுவில் தமிழில் மட்டும் போட்டுவிட்டு 'யாரும் கூப்பிடல' என்று சொல்லக் கூடாது. பக்கத்து மக்சிக் வீட்டிலும், எதிர்வீட்டுச் சீன அங்கிள் வீட்டிலும் ஏர்கோன் இருக்கிறது.

இதில் 'இரவு 9 மணி வரை' என்பதுதான் எனக்கு அதிகம் வேலை கொண்டு வந்தது. கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகும் வீடுகளில் சர்வீஸுக்காக லீவு போட வேண்டியிருந்தது. அந்தச் சிரமத்தை நான் எடுத்துக்கொண்டேன். மெக்கார்த்தி சொன்ன 'இடம்' என்பதற்குள் இதுவும் அடங்கும்: வாங்குகிறவருக்கு வசதியான இடத்தில், வசதியான நேரத்தில் கிடைப்பது.

மூன்றாவது: பழைய வாடிக்கையாளர்களுக்குச் செய்தி அனுப்பினேன். கடை மூலம் போன வீடுகளின் எண்களைத் தொடவில்லை. அவர்கள் கடையின் வாடிக்கையாளர்கள். எனக்கென்று இருந்தது 43 பேர். ஓர் இரவுக்கு ஐந்து பேர் என்று தனித்தனியாகத்தான் அனுப்பினேன். வாட்ஸ்அப்பில் 'பிராட்காஸ்ட்' போட்டால் உங்கள் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டும்தான் போய்ச் சேரும், கவனம். செய்தி இதுதான்:

"வணக்கம் அக்கா. போன வருஷம் உங்க வீட்டுல ரெண்டு ஏர்கோன் சர்வீஸ் செஞ்சேன். காத்து குறைஞ்சிருந்தாலோ தண்ணி ஒழுகினாலோ சொல்லுங்க, வந்து பார்க்கிறேன். இந்த மாதிரி மெசேஜ் வேண்டாம்னாலும் சொல்லிடுங்க, இனி அனுப்ப மாட்டேன்."

கடைசி வரி சும்மா மரியாதைக்கு மட்டும் இல்லை. 2010-ஆம் ஆண்டின் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், விளம்பரச் செய்திக்காகத் தன் தகவலைப் பயன்படுத்த வேண்டாம் என்று சொல்ல ஒருவருக்கு உரிமை இருக்கிறது.

முதல் செய்தியை அனுப்பிவிட்டு போனைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தேன், தம்பி தங்கைகளே. நெஞ்சு அப்படி அடித்துக்கொண்டது. முடிவு என்ன தெரியுமா? 17 பேர் பதிலே போடவில்லை. 16 பேர் 'நன்றி, தேவைப்பட்டா கூப்பிடறோம்' என்றார்கள். 9 பேர் வேலை கொடுத்தார்கள். ஒருவர் மட்டும் திட்டினார். மன்னிப்புக் கேட்டு எண்ணை அழித்துவிட்டேன். அந்த ஒருவருக்குப் பயந்துதான் ஒன்பது பேரை இத்தனை நாள் விட்டு வைத்திருந்தேன்.

நான்காவது: விலையை வெளிப்படையாகச் சொன்னேன். சாதாரண சர்வீஸுக்கு இவ்வளவு, கழற்றி மருந்து போட்டுக் கழுவும் கெமிக்கல் சர்வீஸுக்கு இவ்வளவு, எதற்கு எது தேவை என்று ஒரு பக்கத்தில் எழுதி வைத்தேன். 'கெமிக்கல் தேவையில்ல, சாதாரணமே போதும்' என்று நான் சொன்ன வீடுகள்தான் அடுத்த வருடமும் என்னைக் கூப்பிட்டன. வேலை இல்லாத மாதத்தில் விலையைக் குறைக்கத் தோன்றும். ஒருமுறை குறைத்தேன். வந்தவர்கள் அடுத்த முறை அதற்கும் கீழே கேட்டார்கள். பிறகு குறைக்கவில்லை.

ஐந்தாவது: தெரிந்ததைச் சொல்லிக் கொடுத்தேன். டீச்சரிடம் சொன்ன அந்த 'ஓட்டை வாளி' விளக்கத்தையே ஒரு நிமிடக் காணொளியாக எடுத்துப் போட்டேன். வெளிச்சம் சரியில்லை, இரண்டு இடத்தில் திக்கினேன். ஆனாலும் அதைப் பார்த்துத்தான் பலர் கூப்பிட்டார்கள். கூகுள் மேப்பில் தொழிலின் பெயரைச் சேர்த்தேன், அது இலவசம். வேலை முடிந்ததும் 'திருப்தியா இருந்தா ரெண்டு வரி எழுதுங்க' என்று கேட்கப் பழகினேன். பரிசு கொடுத்து நல்ல கருத்து எழுதச் சொல்வதை கூகுளும் அனுமதிப்பதில்லை. நமக்கும் அது வேண்டாம்.

இது எல்லாவற்றுக்கும் நான் ஒதுக்கிய நேரம் செவ்வாய் இரவு ஒரு மணி நேரம், மற்ற இரவுகளில் பத்து நிமிடம். 'நேரமில்லை' என்று சொல்லிக்கொண்டிருந்த காலத்தில்தான் எனக்கு வேலையே இல்லாமல் நேரம் நிறைய இருந்தது!

எல்லை எங்கே?

கற்றுக்கொள்ளுங்கள் என்கிறேன், ஏமாற்றக் கற்றுக்கொள்ளுங்கள் என்று சொல்லவில்லை. இல்லாத சான்றிதழை இருக்கிறது என்பது, செய்யாத வேலையின் படத்தைப் போடுவது, பொய்யான 'பழைய விலை' காட்டித் தள்ளுபடி என்பது எல்லாம் பாவம் மட்டும் இல்லை. 2011-ஆம் ஆண்டின் வாணிப விவரிப்புச் சட்டப்படி பொய்யான விவரிப்பு குற்றமும்கூட. விளக்குக் கம்பத்திலும் பேருந்து நிறுத்தத்திலும் ஸ்டிக்கர் ஒட்டுவதும் வேண்டாம். ஊராட்சி மன்ற அனுமதி இல்லாமல் ஒட்டினால் அபராதம் வரும், ஊரும் அசிங்கமாகும்.

கடன் விஷயமும் அப்படித்தான். தெக்குன் நேஷனலில் இந்தியத் தொழில்முனைவோருக்கென்றே 'ஸ்பூமி' என்ற கடன் திட்டம் இருக்கிறது. தேவைப்பட்டால் விசாரியுங்கள். ஆனால் வாடிக்கையாளர் எந்த வழியாக வருகிறார் என்று தெரிந்துகொண்டு போங்கள். அது தெரியாமல் வேன் வாங்கியவனின் கதையைத்தான் இப்போது படித்தீர்கள்.

இப்போது

செய்தி அனுப்பத் தொடங்கி ஏழாவது மாதம் அம்மாவின் வளையலை மீட்டேன். வேன் கடன் ஒழுங்காகப் போகிறது. நோட்டுப் புத்தகத்தில் வேலைகள் இப்போது பல வழிகளில் வருகின்றன. இரண்டு பேரை நம்பி நான் இல்லை.

கூச்சம் போய்விட்டதா? இல்லை. போன வாரம் மாமாக் கடையில் பக்கத்து மேசைக்காரர் தன் வீட்டு ஏர்கோன் தண்ணீர் ஒழுகுவதாக நண்பரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குப் பழையபடி தொண்டை அடைத்தது. எழுந்து போய், "அண்ணே, மன்னிக்கணும், நான் அந்த வேலை செய்யறவன். தண்ணி போற குழாய் அடைச்சிருக்கலாம். வேணும்னா வந்து பார்க்கிறேன்" என்றேன்.

"பரவால்ல தம்பி, எனக்கு ஆள் இருக்கு" என்றார்.

சரிங்கண்ணே என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்து என் தே தாரிக்கைக் குடித்தேன். அது இன்னும் சூடாகவே இருந்தது.

இந்த மாதப் பயிற்சி

1. உங்கள் தொழிலை (அல்லது தொடங்க நினைக்கும் தொழிலை) ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். யாருக்கு, என்ன, எங்கே, எப்போது என்ற நான்கும் அதில் இருக்க வேண்டும். 'சிறந்த', 'நம்பர் ஒன்' போன்ற சொற்கள் வேண்டாம்.

2. கடைசியாக வந்த பத்து வேலைகள் யார் மூலம் வந்தன என்று எழுதுங்கள். ஒரே ஆளை நம்பி இருக்கிறீர்களா?

3. உங்கள் வேலையால் ஏற்கெனவே பயன்பெற்ற ஐந்து பேருக்கு, இந்த வாரமே தனித்தனியாகச் செய்தி அனுப்புங்கள். வேண்டாம் என்று சொல்ல அவர்களுக்கு வழி விடுங்கள்.

4. குழுவில் கலந்து பேச: கோயிலுக்காகவோ முகாமுக்காகவோ தயங்காமல் கேட்டது உண்டா? உங்கள் தொழிலுக்காகக் கேட்கத் தயங்கியது உண்டா? இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?

அடுத்த கூட்டத்தில் நான்காவது கேள்வியிலிருந்து தொடங்குவோம். உங்களில் யாராவது சொந்தத் தொழில் செய்துகொண்டு யாரிடமும் சொல்லாமல் இருந்தால், அன்றைக்கு முதலில் பேசப் போவது நீங்கள்தான். நாங்கள் கேட்டுக்கொண்டிருப்போம்.